மூண்டாம் நித்திரை

நித்திரை அண்ணை, நித்திரை! தட்டாதேங்கோ. உந்தப் பெட்டி தட்டி எழும்பாது. நான் காலமை ஒம்பது மணியிலையிருந்து தட்டிறன். ஸ்குறூ ட்றைவரின்ரை பிடியாலை தட்டினன், உள்ளங்கையாலை தட்டினன், ஒருக்கா... வெக்கத்தை விட்டுச் சொல்லுறன்... குனிஞ்சு டாஷ்போட்டுக்குக் கீழை வாயை வச்சு "எழும்படா" எண்டும் சொன்னன். மனிசி குசினி வாசல்லை நிண்டு பாத்திட்டு, ஒண்டும் கேக்காமல் உள்ளை போட்டா. ஏன் எண்டு கேட்டிருந்தாலும் பரவாயில்லை. கேக்காமல் போனது தான் இன்னும் நெஞ்சுக்கை நிக்குது.

சரி, பெல்ற்றைப் போடுங்கோ. உங்கடை பேர் கதிரவேலு தானே? அத்தான் அப்பிடித்தான் சொன்னவர். மானிப்பாயிலையிருந்து ஒருத்தர் பஸ்ஸிலை வருவார், பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏத்திறதுக்கு வான் தேடுறார், மூண்டு மணிக்குப் புத்தூர்ச் சந்தியிலை ஏத்து, ஒரு ஓட்டம் ஓடிக் காட்டு எண்டு. நான் சீவரத்தினம். வான் அத்தான்ரை. என்ரை அக்காவின்ரை மனுசன், ஆழ்வாப்பிள்ளை எண்டு, கனடாவிலை. காசு அவற்றை, கை என்ரை. ஏழு வருசம்.

உப்பிடியே வாதரவத்தையாலை போய், தரவை வெளியைக் கடந்து, மீசாலையிலை ஏறிக் கொடிகாமத்துக்குப் போவம். அங்கை நாலு மணிக்கு நீங்கள் அத்தானுக்கு முடிவு சொல்லவேணும், என்ன? அவருக்கு அப்ப அங்கை விடிய ஆறரை. கண்ணைத் திறந்த கையோடை போனைத் தான் பாப்பர். நீங்கள் ஓம் எண்டால் எனக்கும் இந்த ஸ்ரேறிங்குக்கும் இண்டையோடை சரி.

இல்லை, நான் ஒண்டும் உங்களைத் தடுக்கேல்லை. ஆனால் வாங்கிற மனுசனுக்கு உள்ளதைச் சொல்லவேணுமோ இல்லையோ? பழசு அண்ணை. நல்லாப் பழசு. கிளச்சு நடுங்கும். இப்ப பாருங்கோ, மாத்திறன்... நடுங்கேல்லை. போன மாசம் நான் தான் கழட்டிப் பூட்டினனான், அதாலை நடுங்கேல்லை. ஆனா நடுங்கக்கூடிய கிளச்சு. ஏசியும் சரியில்லை. என்ன? குளிருதோ? குறைக்கட்டே? ...ம். இண்டைக்கு என்னவோ நல்லா வேலை செய்யுது. எஞ்சின்... எஞ்சினைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. கேளுங்கோ. நாலு பேர் உள்ளை இருந்து கதைச்சால் எஞ்சின் போட்டிருக்கோ நிப்பாட்டியிருக்கோ எண்டு தெரியாது. போன சித்திரைக்குப் பருத்தித்துறை ஆக்கள் பதினாலு பேரை ஏத்திக்கொண்டு கதிர்காமம் போய் வந்தனான், ஒரு போல்ற் இளகேல்லை... சீ! நான் என்ன சொல்ல வெளிக்கிட்டனான், என்ன சொல்லிக்கொண்டிருக்கிறன். பழசு அண்ணை. அவ்வளவு தான்.

ஓம், உந்தப் பெட்டியைக் கேட்டியள் என்ன. நெருப்புப்பெட்டியளவு தான். அத்தான் ரிட்டயராகி மூண்டாம் மாசம் ஆரோ வந்த ஆக்களிட்டைக் குடுத்துவிட்டவர். அதுவரைக்கும் நல்ல மனுசன் அண்ணை. இப்பவும் நல்ல மனுசன், அது தான் எனக்குக் கஷ்டம். நாப்பது வருசம் பக்ரறி, பனி, ரெண்டு வேலை. ஒருநாள் "போதும், வீட்டிலை இரு" எண்டிட்டாங்கள். இருந்தவர் என்ன செய்யிறது? எங்கடை வானைப் பாக்க வெளிக்கிட்டார்.

உதுக்குள்ளை ஒரு சிம் இருக்கு. ரெலிபோன் மாதிரி. அதோடை வானத்தைப் பாக்கிற கண்ணும் இருக்கு. மேலை சுத்துற சற்றலைற்றுகளைக் கேட்டு, நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு அறிஞ்சு, சிம்மாலை அத்தான்ரை போனுக்குச் சொல்லும். அவற்றை போனிலை யாழ்ப்பாணம் முழுக்க வரைபடமா விரிஞ்சு கிடக்க, அதுக்கை ஒரு நீலப் புள்ளி ஊரும். அது நான். ஐம்பத்தாறு வயசு, ரெண்டு பிள்ளையைக் கட்டிக் குடுத்தவன், பேரப்பிள்ளை கண்டவன். அங்கை ஒரு புள்ளி.

பூட்டினது லோஜன் எண்டு, சந்தியிலை போன் திருத்திற பெடியன். கெட்டிக்காரன். அவன் சொன்னான், ஐயா, உதுக்குள்ளை ரெலிபோனும் கண்ணும் ஒரே துண்டு, ரெண்டுக்கும் ஒரு காது தான். வானத்தைக் கேக்கேக்கை கனடாவோடை கதைக்காது, கனடாவோடை கதைக்கேக்கை வானத்தைக் கேக்காது எண்டு. நான் மனிசிக்கு வந்து சொன்னன். மனிசி சொல்லுறா, "உங்களைவிடத் திறம், நீங்கள் ரெண்டையும் ஒண்டாச் செய்ய வெளிக்கிட்டு ஒண்டும் கேக்கிறேல்லை" எண்டு. பாருங்கோ அண்ணை, வீட்டிலையும் ஒரு பெட்டிக்கு மரியாதை.

அதுக்குப் பிறகு தொடங்கினது. "சீவரத்தினம், அறுவத்திரண்டிலை போறாய்." "சீவரத்தினம், கொடிகாமத்திலை அம்பது நிமிசம் நிக்கிறாய், ஏன்?" மாம்பழக்காரர் பெட்டி ஏத்திறாங்கள் அத்தான். "பெட்டி ஏத்த அம்பது நிமிசமோ?" கொஞ்சத்தாலை, "சாவகச்சேரியிலை ஏன் திரும்பினாய்?" ஒண்டுக்கு அத்தான்! ஒண்டுக்கு! நடு றோட்டிலை, பக்கத்திலை ஒரு ரீச்சர் அம்மா இருக்க, நான் கனடாவுக்கு விளக்கம் சொல்லுறன்.

உதெல்லாம் பரவாயில்லை அண்ணை. தவறணைக் கதை தான் என்னை முறிச்சது. எனக்குப் பழக்கமான ரயர்கடை ஒண்டு இருக்கு. அதுக்குப் பக்கத்து வளவு கள்ளுத் தவறணை. நடுவிலை ஒரு கிடுகு வேலி. நான் ரயருக்குக் காத்து அடிச்சுக்கொண்டு நிக்கிறன், போன் அடிக்குது. "நாலரைக்கே இறங்கிட்டியோ?" எண்டு கேக்கிறார். எங்கை இறங்கினது? அங்கை புள்ளி தவறணைக்கை நிக்குதாம்! லோஜனைக் கேட்டன். "ஐயா, உது பத்து மீற்றர் அங்கை இஞ்சை காட்டும், அது பெரிய பிழையில்லை" எண்டான். கனடாவிலை பத்து மீற்றர் பெரிய பிழையில்லைத் தான். அவங்கடை ஒரு றோட்டே அவ்வளவு அகலம். புத்தூரிலை பத்து மீற்றர் எண்டால் ஒரு மனுசன்ரை பேர். அக்கா லைன்லை வந்து அழுறா. "அப்பாவும் உப்பிடித்தான் தொடங்கினவர்" எண்டு அழுறா.

...என்ன பாக்கிறியள்? சரி. ரெண்டு நாள் உண்மையாவும் போனனான். ரெண்டே ரெண்டு நாள். பெயர் கெட்டுப்போச்சு, இனி ஏன் சும்மா கெடவேணும் எண்டு ஒரு ஆத்திரம். அந்த ரெண்டு நாளும் அத்தான் எடுக்கேல்லை. ரயர்கடை எண்டு நினைச்சிருப்பர்.

ஓம், பள்ளம். உங்கை ஒரு பள்ளம் இருக்கு, பிடிச்சுக்கொள்ளுங்கோ... தெரிஞ்சுதோ? இல்லை என்ன? முன் ஷொக் புதுசு... பழசு. பழசு தான். நான் சும்மா மெதுவா விட்டனான்.

பற்றறிக்கு வாறன். போன மாசியிலை எனக்குக் காய்ச்சல். டெங்கெண்டு மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுத்தினவை, பத்து நாள் வான் கொட்டிலுக்கை நிண்டது. வந்து மூண்டாம் நாள் ஒரு கலியாண ஹயர், வாடகை ஓட்டம். விடிய மாப்பிள்ளை பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை, எல்லாத்தோடையும் ஏறி இருந்திட்டார். நான் திறப்பைத் திருப்பிறன்... "டக்." ஒரு டக். அவ்வளவு தான். கூட வந்த ஐயர் கைமணிக்கூட்டைப் பாக்கிறார். இறங்கித் தள்ளினவை அண்ணை. தோழன் தள்ள, தேப்பன் தள்ள, கடைசியிலை மாப்பிள்ளையும் இறங்கித் தலைப்பாகையை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை தள்ளுறார். வீடியோக்காரன் எடுக்கிறான். அது இப்ப ஒஸ்ரேலியா, நோர்வே எல்லாம் ஓடுது. என்ரை வானின்ரை பின்பக்கமும், மாப்பிள்ளையின்ரை பின்பக்கமும்.

லோஜன் வந்து பாத்திட்டுச் சொன்னான், பற்றறி ஏற்கெனவே கிழடு ஐயா, அதுக்கை இந்தப் பெட்டி பத்து நாளும் இரவு பகலா முழிச்சிருந்து குடிச்சிருக்கு எண்டு. நிக்கிற வானை, "எங்கை நிக்கிறாய், எங்கை நிக்கிறாய்" எண்டு பத்து நாளாக் கேட்டுக் கேட்டு, கனடாவுக்குச் சொல்லிச் சொல்லி... எனக்குக் கேக்கவே களைச்சுப்போச்சு.

"நித்திரையாக்கலாம் ஐயா, கரண்ட் மிஞ்சும்" எண்டான். மூண்டு விதமாம். முதலாவது, இப்ப இருக்கிற மாதிரி, எந்நேரமும் முழிப்பு. இரண்டாவது கோழித் தூக்கம். கண் மூடியிருக்கும், ஆனா கொஞ்ச நேரத்துக்கு ஒருக்காக் காதைத் திறந்து, ஆரும் கூப்பிட்டவையோ எண்டு கேட்டிட்டு மூடும். அத்தான் கூப்பிட்டால் சிலவேளை உடனை, சிலவேளை சுணங்கிப் பதில் சொல்லும். மூண்டாவது தான் நித்திரை. காதும் இல்லை, கண்ணும் இல்லை. மெசேச் போட்டாலும் சிம் கொம்பனியிலை தான் கிடக்கும், இது எடுக்காது. சொல்லிவிட்ட நேரத்துக்குத் தானா எழும்பும், வானத்தைப் பாக்கும், கனடாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லும், திரும்பப் படுக்கும். படுத்தெழும்பினால் எந்தச் சற்றலைற் எங்கை நிக்குதெண்டதும் மறந்துபோமாம், முதல்லையிருந்து தேடவேணுமாம். எனக்கும் இப்ப அப்பிடித்தான் அண்ணை. விடிய எழும்பினால் இண்டைக்குச் செவ்வாயோ புதனோ எண்டு பிடிக்க ஒரு நிமிசம் செல்லும். அதாலை எனக்கு அதிலை ஒரு பிரியம் வந்தது.

அப்ப அது மூண்டாவதிலை கிடக்கு. ஒரு நாளைக்கு ஒருக்கா, விடிய அஞ்சு மணிக்கு எழும்பும். அஞ்சு மணிக்கு வான் எங்கை நிக்கும்? என்ரை கொட்டிலுக்கை நிக்கும். "கொட்டில்" எண்டு சொல்லும், படுக்கும். நான் ஆறு மணிக்கு வெளிக்கிட்டு ஊரெல்லாம் ஓடி இரவு வந்து விடுவன். அடுத்த நாள் அஞ்சுக்கு எழும்பும். "கொட்டில்." அத்தான் எப்ப போனைப் பாத்தாலும் நீலப் புள்ளி கொட்டிலுக்கை. அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலை சின்ன எழுத்திலை நேரம் போட்டிருக்குமாம். கண்ணாடி போட்டும் அந்த எழுத்தை வாசிக்காத மனுசன்.

மூண்டு மாசம். ஏன் அங்கை நிக்கிறாய் எண்டு ஒரு போன் இல்லை அண்ணை! கொடிகாமத்திலை ரெண்டு மணித்தியாலம் நிண்டாலும் ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமோ... 

என்ன? ...எங்கை? மீற்றரோ?

...ஓம். அது ஓடின கிலோமீற்றர் தான்.

ஓ, அத்தான் உங்களுக்கு அப்பிடிச் சொன்னவரோ. "மூண்டு மாசமா அசையாத வான், சைபர் கிலோமீற்றர்" எண்டோ. அவற்றை போன் அப்பிடித்தான் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கு. கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் இடையிலை எத்தினை கிலோமீற்றர்? சைபர் தானே. போன் பொய் சொல்லேல்லை. ...ஓம், ஒயில் மாத்தின ஸ்ரிக்கரும் போன மாசத் திகதி தான், அதிலை எழுதின கிலோமீற்றரும் இதைவிடக் குறைவு தான். வாசியுங்கோ, மறைக்கேல்லை. ரயரும் தேஞ்சிருக்கு. பெரிய கண் உங்களுக்கு.

சரி அண்ணை, உங்களுக்கு ஏன் ஒளிப்பான். மாசக் கடைசியிலை அத்தான் எடுத்துக் கேட்டவர், "ஹயர் ஒண்டும் வாறேல்லையோ?" எண்டு. அப்ப நான் என்ன சொல்லியிருக்கவேணும்? "வருது அத்தான், நான் பெட்டியை நித்திரையாக்கிப்போட்டன்" எண்டு சொல்லியிருக்கவேணும். வாய் வரைக்கும் வந்தது. "குறைவு தான் அத்தான்" எண்டு சொல்லிப்போட்டன். அந்த நேரத்துக்கு அது லேசாக் கிடந்தது. ஒரு சொல்லுத் தானே எண்டு நினைச்சன். அடுத்த மாசம் அந்தச் சொல்லுக்குத் துணையா இன்னொண்டு. "ஓம் அத்தான், சனம் இப்ப பஸ்ஸிலை தான் போகுது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பன் அண்ணை. ஏசேல்லை. இரங்கினவர். "பாவம் சீவரத்தினம், வானைப் பாத்துக்கொண்டு கொட்டில் வாசல்லை குந்திக்கொண்டிருக்கிறான்" எண்டு அக்காவுக்குச் சொல்லிக் கவலைப்பட்டவராம். அக்கா கோயிலிலை எனக்கு அருச்சினை செய்தவவாம், ரொறன்ரோவிலை, என்ரை நட்சத்திரம் சொல்லி. நான் இஞ்சை கலியாண ஹயரிலை வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறன், அங்கை அக்கா என்ரை பட்டினிக்கு விரதம்!

இண்டைக்குக் காலமை ஒம்பது மணிக்குக் கோல். அவருக்கு அங்கை நடு இரவு கிட்ட. நித்திரை முழிச்சிருந்து எனக்காக யோசிச்சவராம். "சீவரத்தினம், இனி நீ உந்த வானோடை மாயவேண்டாம். அதை வித்துவிடுவம், ஆளும் பாத்திட்டன். உனக்கு ஒரு வேலையும் பாத்திட்டன். அச்சுவேலியிலை தெரிஞ்ச ஆக்கள் கோழிப் பண்ணை வச்சிருக்கினம். வெய்யிலுக்கை நிக்கத் தேவையில்லை. முட்டை பொறுக்கிறது தான். ஒரு இடத்திலை இருக்கலாம்" எண்டு.

முட்டை! எனக்கு அண்ணை, முட்டை! ஏழு வருசமா விடியக்காலமை இந்த ஸ்ரேறிங்கிலை கை வைக்கேக்கை தான் எனக்கு நான் ஒரு மனுசன் எண்டு தெரியும். பலாலியிலை ஆரை இறக்கவேணும், நெல்லியடியிலை ஆர் நிப்பினம், எந்த ரீச்சருக்கு முன் சீற், எந்தக் கிழவிக்கு வாந்தி வரும்... எல்லாம் தலைக்கை கிடக்கு. அதைக் கொண்டுபோய்க் கோழிக்குச் சொல்லட்டோ?

அது தான் காலமையிலையிருந்து உந்தப் பெட்டியைத் தட்டினது. எழும்பி ஒருக்கா, ஒரே ஒருக்கா, "நான் வாதரவத்தையிலை ஓடுறன்" எண்டு கனடாவுக்குச் சொல்லடா எண்டு. லோஜனுக்குப் போன் பண்ணினன். அவன் கொழும்பிலை நிக்கிறான். "மெசேச் போட்டுவிடுங்கோ ஐயா, முதலாவதுக்கு மாறும், ஆனா அது நாளைக்கு விடிய அஞ்சுக்கு எழும்பித்தான் பாக்கும்" எண்டான். நாளைக்கு விடிய! நீங்கள் நாலு மணிக்குச் சொல்லப்போறியள். நாளைக்கு அஞ்சு மணிக்கு அது எழும்பி என்னத்தைக் காட்டும்? கொட்டிலை. அதுவும் அந்த நேரம் உங்கடை கொட்டிலோ என்ரை கொட்டிலோ.

என்ன சொல்லுறியள்? ...லோஜன்ரை பிழையோ?

இல்லை அண்ணை.

...இல்லை. பொறுங்கோ, இதிலை ஓரமா ஒருக்கா நிப்பாட்டிறன். அஞ்சு நிமிசம். நேரம் இருக்கு.

உது தான் அந்த வெளி. பாருங்கோ, ஒரு மரம் இல்லை. புல்லுத் தரவை, தண்ணி, அங்காலை கொக்கு. லோஜன் எனக்கு இரண்டாவதைத் தான் சொன்னவன். "கோழித் தூக்கம் காணும் ஐயா, பற்றறிக்கு ஒண்டும் வராது, பெரியவரும் கூப்பிட்டால் பதில் வரும்" எண்டான். நான் தான் மூண்டாவதைப் போடு எண்டனான். "அப்ப வான் அசைஞ்சால் எழும்பிற மாதிரி விடட்டோ, கள்ளன் கொண்டுபோனாலும் தெரியும்" எண்டு கேட்டான். அதுவும் வேண்டாம் எண்டனான். "ஏன் ஐயா?" எண்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தான். பற்றறி, பற்றறி எண்டு சொல்லிச் சமாளிச்சன். பற்றறியை அடுத்த கிழமையே புதுசு மாத்திப்போட்டன். பெட்டியை மாத்தேல்லை.

ஏன் எண்டு கேக்கிறியளோ. கேக்கேல்லை. சரி, சொல்லுறன்.

பின்னேரம் ஹயர் முடிச்சு வரேக்கை இதிலை, உந்த இடத்திலை தான், நிப்பாட்டுவன். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இருப்பன். முக்கால் மணித்தியாலம், சிலநாள் ஒரு மணித்தியாலம். குடிக்கிறேல்லை. ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. பாட்டும் போடுறேல்லை. சும்மா. மனிசி நான் ஹயரிலை எண்டு நினைப்பா, ஹயர்க்காரர் வீட்டை போட்டன் எண்டு நினைப்பினம். ஒருத்தற்றை கணக்கிலையும் நான் இல்லாத ஒரு மணித்தியாலம். பெட்டி வந்த காலத்திலை ஒருநாள் இதிலை இருக்க அத்தான் எடுத்துக் கேட்டவர், "நடு வெளிக்கை என்ன செய்யிறாய்?" எண்டு. "ரயர் காத்துப் போட்டுது" எண்டனான். அடுத்த நாளும் காத்துப் போட்டுது. மூண்டாம் நாளும் எப்பிடிப் போறது? கள்ளுக் குடிச்சன் எண்டால் கூடச் சொல்லலாம் அண்ணை, அது ஒரு காரணம், ஏசுவினம், விடுவினம். சும்மா இருந்தனான் எண்டதை என்னண்டு ஒரு மனுசனுக்குச் சொல்லுறது? நாப்பது வருசம் ரெண்டு வேலை செய்த மனுசனுக்கு? எனக்கே சிலநேரம் பயம், எனக்கு ஏதும் வருத்தமோ எண்டு. என்ன குறை எனக்கு? ஒண்டும் குறையில்லை. அப்ப ஏன் இதிலை வந்து இருக்கிறன்? தெரியேல்லை அண்ணை.

அவ்வளவு தான். அதுக்காகத் தான் மூண்டாவது. ஒரு மணித்தியாலத்துக்காக முழு நாளையும் ஒளிச்சன். இப்ப வான் போகுது.

போவம், போவம். உங்களுக்கும் நேரம்.

மீசாலை வந்திட்டுது. இனி நேர் றோட்டு, அஞ்சு நிமிசம். பாருங்கோ, நான் பிடியாமலே வான் தன்ரை பாட்டிலை நேராப் போகுது... இதையும் உங்களிட்டைச் சொல்லக்கூடாது. வாங்கிறதெண்டால் ஒண்டு மட்டும் கேளுங்கோ, விடிய முதல் கியர் போடமுந்தி ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிடுங்கோ. அவசரப்படுத்தினால் அதுக்குப் பிடிக்காது.

கொடிகாமம். சந்தைக்கு முன்னாலை விடுறன், நிழல் இருக்கு. மாம்பழ லொறி வெளிக்கிடட்டும்... சரி. நாலாகுது.

போனை எடுக்கிறியளோ. ...என்ன சொல்லப்போறியள்? சொல்லுங்கோ, எனக்கென்ன. ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால்... இல்லையெண்டாலும் வேறை ஆள் பாப்பர். "ஓடாத வான்" தானே. பொறுங்கோ அண்ணை. ஒரு நிமிசம். அதை வையுங்கோ. நான் எடுக்கிறன். இல்லை, நான் தான் எடுக்கவேணும். பெட்டி நாளைக்கு எழும்பட்டும், எனக்கு வாய் இருக்குத் தானே.

அடிக்குது.

ஹலோ... அத்தான்? நான் தான், சீவரத்தினம். ...ஓம், கதிரவேலு அண்ணை பக்கத்திலை தான். அவர் சொல்லமுந்தி நான் ஒண்டு சொல்லவேணும். தேத்தண்ணி குடிச்சிட்டியளோ? ...சரி, குடியாமலே கேளுங்கோ. அத்தான், வான் ஓடினது. ...ஓடினது. ஒவ்வொரு நாளும். மூண்டு மாசமும். ...இல்லை, பெட்டி பழுதில்லை. நான் தான் நித்திரையாக்கினனான். லோஜனிலை ஒரு பிழையும் இல்லை. ...ஓம். ஓம், பொய் தான். ரெண்டு தரம்... மூண்டு தரம் சொன்னனான். ...உங்கடை பங்குக் காசு கிடக்கு, தாறன். ...அக்காவின்ரை அருச்சினைக்கும் சேத்து ஏசுங்கோ.

அண்ணை, எங்கை இறங்கிறியள்? தேங்காயோ? சரி, வாங்கிக்கொண்டு வாங்கோ...

...ஹலோ, நிக்கிறன் அத்தான். அவர் இறங்கிப்போட்டார். தேங்காய்க்கெண்டார்... இல்லை, தேங்காய்ப்பக்கம் போகேல்லை. யாழ்ப்பாண பஸ்ஸிலை ஏறுறார். ...ஓம், ஏறிட்டார். என்ரை கதையிலை பயந்திட்டாரோ, மீற்றரிலை பயந்திட்டாரோ தெரியாது.

...ஏன் ஒளிச்சனானோ? 

...வெளியிலை. புத்தூருக்கும் மீசாலைக்கும் நடுவிலை, தரவைக்கை. ...ஒருத்தரோடையும் இல்லை. ...சத்தியமாக் குடிக்கேல்லை. ...சும்மா. சும்மா இருந்தனான் அத்தான்.



...என்ன? ...எங்கை? ...கடைக்கு முன்னாலை கார் விடுற வெளியிலையோ? ...நீங்களோ? ...காருக்கை இருந்துகொண்டோ? எவ்வளவு நேரம்? ...ரெண்டு மணித்தியாலமோ! பனிக்கையுமோ? ...அக்கா என்ன நினைக்கிறா? ...ஓ. நடக்கப் போறியள் எண்டு. 

...ம். ...ம். எனக்கும் தெரியேல்லை அத்தான். நானும் உதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். ...ஓம். ஒண்டும் குறையில்லை. ...ஓம், அது தான்.

...அப்ப வான்? ...நிக்கட்டோ? ...நிக்கட்டும். ...கோழிக்காரருக்கு நீங்கள் சொல்லுங்கோ, எனக்கு வெக்கமாக் கிடக்கு. பெட்டியை நாளைக்கு இரண்டாவதிலை விடுறன், அம்மாவாணை. நீங்கள் கூப்பிட்டால் சுணங்கியெண்டாலும் பதில் வரும். ...அந்த வெளியிலை நிக்கேக்கை மட்டும் கூப்பிடாதேங்கோ. 

...என்ன? சத்தம் காணாது. ...மெதுவாக் கதைக்கட்டோ? அக்கா எழும்பிட்டாவோ? ...சரி, சரி, சொல்லுங்கோ. ...மகள் போன கிழமை உங்கடை போனிலையும் உந்தப் புள்ளியைப் பூட்டிவிட்டவளோ! ...அக்காவின்ரை போனிலை நீங்களும் புள்ளியோ? ...ஐயோ அத்தான்.

...போனையும் மூண்டாவதிலை விடலாமோ எண்டு எனக்குத் தெரியாது. பொறுங்கோ, லோஜன் வரட்டும், கேட்டுச் சொல்லுறன். நீங்கள் இப்ப ஒண்டு மட்டும் சொல்லுங்கோ... எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போன் எழும்பினால் அக்காவுக்குக் காணும்?